மழையில் நின்று கோப்பை பெற்ற கோல்ஃப் வீரர் பாப்வா
தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் ஏழை இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த பாப்வா செவ்கோலம், சிறுவயதிலேயே கோல்ஃப் மைதானத்தில் வீரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலைக்குச் சென்றார். முறையான பயிற்சி பெறாத அவர், வழக்கத்துக்கு மாறாக இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்து மட்டையைப் பிடித்து ஆடினார். 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் நெதர்லாந்து ஓபன் பட்டத்தை வென்றார்.

1963-இல் டர்பனில் நடைபெற்ற நேட்டால் ஓபன் போட்டியிலும் வாகை சூடினார். நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்ததால், வெள்ளையர்கள் மன்றக் கட்டடத்துக்குள் இருக்க, அவர் வெளியே மழையில் நின்றபடி கோப்பையைப் பெற்றார். 1965-இல் கேரி பிளேயரை முந்தி அதே பட்டத்தை மீண்டும் வென்றார். பின்னர் அவர் போட்டிகளில் பங்கேற்கத் தடை விதிக்கப்பட்டது, கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. 1978-இல் வறுமையில் காலமானார். டர்பனில் உள்ள நகராட்சி கோல்ஃப் மைதானம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.