காஞ்சி தந்த நாலந்தா ஆசிரியர்

திருமழிசையாழ்வார் காஞ்சியை நீத்து ஓரிரவு தங்கிய ஊரே ஓரிக்கை என்பது ஐதிகம். கல்வியை நாடி அதே காஞ்சியை நீத்தவர் 6-ஆம் நூற்றாண்டின் தர்மபாலர். மந்திரி குமாரரான அவர், அரசகுமாரியை மணக்கவிருந்த தருணத்தில் வெளியேறித் துறவு பூண்டாரெனச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கூறுகிறார். பின்னர் நாலந்தாவின் தலைமை ஆசிரியரானார். அவருக்குப்பின் அப்பீடத்தை அலங்கரித்த மாணவர் சீலபத்திரரிடமே யுவான் சுவாங் பயின்றார். தர்மபாலரின் உரையை முதன்மையாகக் கொண்டு 659-இல் சீனமொழியில் நூலும் செய்தார்.

நாலந்தாவில் பௌத்த சாஸ்திரங்களோடு வேதம், தர்க்கம், வியாகரணம், வைத்தியம், சாங்கியம் ஆகியவையும் பயிலப்பட்டன. மறுக்க வேண்டிய கொள்கையையும் முற்றக் கற்ற பின்னரே மறுப்பது அறிஞர் மரபு.

விஞ்ஞானத்திற்குத் தலைவாழை இலையும், சரித்திரத்திற்கும் பொருளாதாரத்திற்கும் கடைப்பந்தியும் இடுவோர் இதனைச் சிந்திப்பாராக. ஒரு துறை வளர மற்றொன்று வாடுமாயின், அது கல்வியாகாது.