எல்லைக்காகச் சிறை போனவர், ஒருமைப்பாட்டை எழுதி விருது வாங்கியவர்: யார் இந்த ம.பொ.சி.?

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினால், வழியெங்கும் காதில் விழுவது ரெண்டு மொழி. டீக்கடையில் தமிழில் ஆரம்பிக்கும் பேச்சு தெலுங்கில் முடியும். அந்தப் பக்கம் ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், இந்தப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். பள்ளிப்பட்டு இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1953 முதல் 1960 வரை இந்தப் பகுதி ஆந்திராவில் இருந்தது.

அது திரும்பி வந்த கதையில் முக்கியமான பெயர், மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம். சுருக்கமாக ம.பொ.சி.

மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு

1906 ஜூன் 26 அன்று சென்னையில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பொன்னுசாமி, அம்மா சிவகாமி. வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்மா சொல்லிக் கொடுத்த புராணக் கதைகளும் பாட்டுகளும்தான் அவருக்குக் கிடைத்த முதல் தமிழ்ப் பாடம்.

பல வேலைகள் பார்த்துவிட்டு, அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்கு வந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிற வேலை. அடுத்தவர் எழுதியதைக் கோத்துக்கொண்டே மொழியைப் படித்தார். பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதியவருக்கு அதுதான் கல்லூரி.

சிறையில் கிடைத்த சிலம்பு

காந்தியின் அழைப்பை ஏற்றுக் காங்கிரஸுக்கு வந்தவர், பல முறை சிறை போனார். அதில் கடுமையானது 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டக் காலம். விதர்ப்பாவில் இருக்கும் அமராவதி சிறைக்குக் கொண்டு போனார்கள். வெயிலும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டது. வயிற்று நோய் கடைசிவரை விடவில்லை.

ஆனால் சிறை நாட்களில்தான் சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார். சோழ நாட்டில் தொடங்கி, பாண்டிய நாட்டில் வெடித்து, சேர நாட்டில் முடியும் கதை. மூன்று அரசுகளாகப் பிரிந்து கிடந்தாலும் தமிழ் நிலம் ஒன்றுதான் என்று அந்தக் காவியம் சொல்வதாக அவர் புரிந்துகொண்டார். பக்தி நூல், கற்புக் கதை என்று பார்க்கப்பட்டதை மேடை மேடையாக அரசியல் பாடமாக்கினார். 'சிலம்புச் செல்வர்' என்ற பட்டம் கொடுத்தவர் ரா.பி.சேதுப்பிள்ளை.

1946 நவம்பரில் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். தமிழர் பகுதிகள் எல்லாம் ஒரே மாநிலமாக வேண்டும், அதற்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது கோரிக்கை. இந்தியாவை விட்டுப் பிரிய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இந்தியாவுக்குள் தன்னாட்சி என்பதுதான் அவருடைய நிலை.

1953: என்ன நடந்தது?

தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 1952 டிசம்பரில் சென்னையில் உயிரிழந்தார். கலவரம் வெடித்தது. ஆந்திர மாநிலம் அமைப்பதாக நேரு அரசு அறிவித்தது. உடனே ரெண்டு கேள்வி எழுந்தன. சென்னை நகரம் யாருக்கு? வடக்கு எல்லை எது?

சென்னை சென்னை மாநிலத்திடமே நின்றது. ஆனால் சித்தூர் மாவட்டம் மொத்தமாக ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி, காளஹஸ்தி, சித்தூர், திருத்தணி எல்லாம் அதில் அடக்கம்.

எல்லைப் பகுதியில் ஏற்கெனவே தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக் கொடுத்து, மக்களைத் திரட்டி வைத்திருந்தார். திருத்தணியில் வழக்கறிஞர் கே.விநாயகம் களத்தில் நின்றார். இவர்களோடு ம.பொ.சி.யும் சேர்ந்தார். 1953-ல் தடையை மீறிக் கைதானார். மறியல், கடையடைப்பு, சிறை என்று போராட்டம் நீண்டது. உயிர்களும் போயின.

இதற்கு அவர் கொடுத்த விலை, வளர்த்த கட்சி. 1954-ல் காங்கிரஸை விட்டு வெளியேற வேண்டி வந்தது.

கிடைத்தது எவ்வளவு, போனது எவ்வளவு?

எல்லைச் சிக்கலைத் தீர்க்கப் படாஸ்கர் நியமிக்கப்பட்டார். அவருடைய பரிந்துரையின் பேரில் 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டமும், பள்ளிப்பட்டு உட்பட ஒட்டிய சில பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்கு, சத்தியவேடு போன்ற பகுதிகள் ஆந்திராவுக்குப் போயின.

முருகன் மலை கிடைத்தது, வேங்கட மலை கிடைக்கவில்லை. பழைய தமிழ் நூல்கள் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடத்தை இழந்த வருத்தம் ம.பொ.சி.க்குக் கடைசிவரை இருந்தது. திருத்தணியை மீட்ட வெற்றி என்று மட்டும் இதைச் சொன்னால், பாதிக் கதைதான்.

வள்ளலார் பக்கம்

இவ்வளவு போராடியவருக்கு 1966-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கித் தந்த நூல் 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு'. சாதி, மதம் கடந்து எல்லா உயிரையும் ஒன்றாகப் பார்த்த வடலூர் ராமலிங்க அடிகளைப் பற்றியது.

எல்லை கேட்டவர் எல்லை இல்லாதவரைப் பற்றி எழுதுவது முரண் இல்லையா? அவரைப் பொறுத்தவரை இல்லை. அவர் கேட்டது, தமிழ் பேசும் மக்களுக்குத் தமிழில் பள்ளியும் நிர்வாகமும். பக்கத்து வீட்டுத் தெலுங்கரை விரட்டுவது அல்ல. நாத்திகம் ஓங்கியிருந்த காலத்தில், ஆன்மிகத்தையும் தமிழ் அரசியலையும் அவர் ஒரே கையில் பிடித்திருந்தார். அதனால் ரெண்டு பக்கமும் விமர்சனம் வாங்கினார்.

பிறகு?

வ.உ.சி. பற்றி அவர் எழுதிய நூல்தான் 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' படமானது. 1967-ல் தியாகராய நகரில் வென்று சட்டமன்றம் போனார். அவர் கேட்ட தமிழ்நாடு என்ற பெயர் 1969-ல் நடைமுறைக்கு வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் சட்ட மேலவை கலைக்கப்பட்டபோது அதன் தலைவராக இருந்தவர் அவர்தான். 1995 அக்டோபர் 3 அன்று மறைந்தார்.

பள்ளிப்பட்டில் இன்றைக்கும் ரெண்டு மொழியும் ஒன்றாகத்தான் புழங்குகின்றன. கோடு வந்த பிறகும் சொந்தபந்தம், சந்தை, ஆறு எல்லாம் அதைத் தாண்டிப் போய் வருகின்றன.