தோடி தந்த சக்கரவர்த்தி!

குட்டீஸ்... விருத்தாசலம் பழமலைநாதர் கோவில் மாசி மகத் திருவிழாவில், நாதஸ்வரம் வாசிப்பவரை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அவர் வாய் வைத்து ஊதும் இடத்தில், சின்னதாக, தட்டையாக ஒன்று இருக்கும். அதன் பெயர் சீவாளி. வாத்தியத்தில் நூல் கட்டி, இன்னும் சில சீவாளிகள் தொங்கும். அழகுக்கு என்று நினைத்து விடாதீர்கள். ஒன்று சரிப்படாவிட்டால், உடனே அடுத்ததை மாட்ட வேண்டுமே!

காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையை வேக வைத்து, காய வைத்து, நூலால் கட்டி, சீவாளி செய்கின்றனர். இரண்டு உதடுகள் போல் இருக்கும் அதன் நடுவே காற்று புகுந்ததும், அதிர்ந்து ஒலி பிறக்கும். விறைப்பாக இருந்தால் மூச்சு வாங்கும். ரொம்ப மெல்லிசாக இருந்தால் கீச்சிடும். அடால்ப் சாக்ஸ் என்பவர் 1846ல் காப்புரிமை பெற்ற சாக்சபோனுக்கு, ஊதும் தட்டை எண் போட்டுக் கடையில் கிடைக்கும். சீவாளிக்கு அந்த வசதி இல்லை. ஊதிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வாத்தியத்தை ஆட்டிப் படைத்தவர்தான், டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. 1898, ஆகஸ்ட் 27ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர், பாலசுப்ரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேசப் பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்வான். அவர் சிறுவனைத் தத்து எடுத்துக் கொண்டார். பெயருக்கு முன்னால் இருக்கும் டி.என்., அந்தத் திருமருகல் நடேசன்தான்!

முதலில் வாய்ப்பாட்டு கற்றார். பிறகு, அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதஸ்வரம். பாட்டு தெரிந்ததால், பாடகர் பாடுவது போலவே குழலில் வாசிக்க ஆசைப்பட்டார். அங்கேதான் சிக்கல் வந்தது.

அந்தக் காலத்தில் பெரும்பாலோர் வைத்திருந்தது, திமிரி என்ற குட்டை நாதஸ்வரம். சுருதி மிக உயரம். ஸ, ரி, க, ம என்கிறோமே, அதில் சுத்த மத்தியமம் என்ற, 'ம' அதில் எளிதில் வராது. சீவாளியை உதட்டால் அழுத்தி, தளர்த்தி, எப்படியாவது வரவழைக்க வேண்டும். ராஜரத்தினத்துக்கு உயிரான தோடி ராகத்துக்கோ, அந்த, 'ம' கட்டாயம் வேண்டும். எத்தனை நல்ல சீவாளியைப் பொறுக்கி எடுத்தாலும், குழலில் உள்ள குறையை அது எப்படித் தீர்க்கும்?

திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைந்து வந்தார், ரங்கநாதன் ஆசாரி. இருவரும் சேர்ந்து முயன்றதில், சுருதி தாழ்ந்த, நீளமான, பாரி நாதஸ்வரம் உருவானது. அதில், 'ம' சுத்தமாகப் பேசியது. குழல் பெரிதானால் சீவாளியும் பெரிதாக வேண்டும். சின்ன சீவாளி அதற்கு ஒத்து வராது.

ஒத்து என்ற குழலுக்குப் பதில் தம்புரா சுருதி வைத்துக் கொண்டதும் அவர்தான். நின்று கொண்டே வாசித்த நாதஸ்வரக்காரர்கள், மற்ற வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கிராப் வெட்டி, கோட்டும் அணிந்து வந்த அவரைக் கண்டு முகம் சுளித்தவர்களும், தோடி ஆரம்பித்ததும் அசையாமல் உட்கார்ந்து விடுவர். பல மணி நேரம் நீளும் அந்த ராகத்தை, சில நிமிடமே ஓடும் இசைத்தட்டிலும் சுருக்கித் தந்தார். தமிழகம் எங்கும் வாங்கிக் கேட்டனர்.

கடந்த, 1940ல், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய, காளமேகம் படத்தில், கவிஞராகவே நடித்தார். 1947 ஆகஸ்டில், டில்லியில் நடந்த சுதந்திர விழாவில் அவரது நாதஸ்வரம் ஒலித்தது. 1956, டிசம்பர் 12ல் மறைந்தபோது, வயது 58.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு, 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளியை மட்டும், இன்றும் வாயில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் வாங்குகின்றனர்.