பூமிக்கு நாடி பிடிச்சுப் பார்த்தவர்!

2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை மணி வாக்கில் புதுச்சேரி கடலுக்கடியில் ஒரு நிலநடுக்கம். உங்கள்ல பலர் அப்போ பிறந்தே இருக்க மாட்டீங்க. காட்டேரிக்குப்பத்துல இருக்கிற அத்தையோ சித்தப்பாவோ, அந்த ராத்திரி பத்தி கேட்டுப் பாருங்க. பாத்திரம் உருண்டது, பதறிப்போய் தெருவுக்கு ஓடினதுன்னு ஆளுக்கொரு கதை வச்சிருக்கலாம்.

அப்படி ஒரு ஆட்டம் பூமிக்குள்ள எந்த வழியா வருது, வர்ற வழியில எதையெல்லாம் தொட்டுட்டு வருதுன்னு யோசிச்ச மனுஷர்தான் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம். நம்ம நாட்டு மண்ணுதான் அவருக்குப் பாடப் புத்தகம்.

அப்பா விட்டுட்டுப் போன வேலை

1858-ல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தார் ஓல்டம். அப்பா தாமஸ் ஓல்டம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர். 1869-ல் அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் வந்த நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், அதை எழுதி முடிக்கிறதுக்குள்ள 1878-ல் இறந்துட்டார். அடுத்த வருஷமே மகன் அதே துறையில வேலைக்குச் சேர்ந்தார். அப்பாவோட குறிப்புகளைத் தொகுத்து அச்சுக்குக் கொண்டுவந்தார். நிலநடுக்கம் அவருக்கு ஒருவகையில் குடும்பச் சொத்து!

1897: ஒரு சாயங்காலம்

ஜூன் 12. ஷில்லாங் வட்டாரமே குலுங்கியது. கல் கட்டடங்கள் தரைமட்டமாயின. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். நிறைய பேர் வெளியில இருந்த சாயங்கால நேரம் என்பதால்தான் பலி அதோடு நின்றது. ராத்திரியில வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஓல்டம் அந்தப் பேரழிவை ஆராய்ந்து, 1899-ல் பெரிய அறிக்கையா கொடுத்தார். ஆனா அவர் அதோட நிறுத்தலை. ஷில்லாங்கில் கிளம்பின அதிர்வு பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, இத்தாலியில் இருந்த கருவிகளிலும் பதிவாகியிருந்தது. அந்தக் கோடுகளை உத்துப் பார்த்தார். அதிர்வு ஒரே மொத்தமா வரலை. மூணு கட்டமா வந்திருந்தது.

முதல்ல வேகமான அலை. அடுத்தது கொஞ்சம் மெதுவான அலை. இந்த ரெண்டும் பூமியின் உள்ளே புகுந்து வருபவை. கடைசியா வந்தது தரையை ஒட்டியே பரவும் மேற்பரப்பு அலை. குளத்துல கல்லைப் போட்டா வட்டம் வட்டமா விரியுமே, கிட்டத்தட்ட அப்படி. இப்படி ஒரு அலை இருக்க முடியும்னு 1885-லேயே ராலே பிரபு கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். கட்டடங்களைப் பெரிசா ஆட்டிவைக்கிறதும் பெரும்பாலும் இந்தக் கடைசி அலைதான்.

வேலை போச்சு, தேடல் போகலை

உடம்பு ஒத்துழைக்காததால் 1903-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். வயசு நாற்பத்தஞ்சுதான். இனி மலை ஏற முடியாது, களத்துக்குப் போக முடியாது. ஆனா பல ஊர் கருவிகளின் பதிவுகளை வச்சுக் கணக்குப் போடலாமே! நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்துல, அலைகள் வரவேண்டிய நேரத்தைவிட தாமதமா வருவதைக் கண்டுபிடிச்சார். நடுவுல ஏதோ வேறு மாதிரி ஒன்று அலைகளை மெதுவாக்குது. பூமிக்கு ஒரு 'கரு' இருக்குன்னு 1906-ல் ஆதாரத்தோடு சொன்னார்.

அவர் சொன்ன அளவு சரியில்லை. கருவின் ஆரத்தை, பூமியின் ஆரத்தில் பத்தில் நாலு பங்குன்னு கணித்தார். உண்மையில் பாதிக்கும் கொஞ்சம் அதிகம். பின்னால் வந்த பெனோ குட்டன்பெர்க் அதைத் திருத்தினார். ஆனா கதவைத் திறந்தது ஓல்டம்தான்.

ஸ்கேன் எடுக்கும் அலை

நம்ம ஊர்ல போர் போட்டா சில நூறு அடி. மனுஷன் தோண்டின ஆழமான துளையே ரஷ்யாவின் கோலாவில் 12 கிலோமீட்டர் சொச்சம்தான். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் கீழே! அதனாலதான் அலைகளை நம்ப வேண்டியிருக்கு. மேற்பரப்பு அலையில ஒரு வசதி: நீளம் குறைஞ்ச அலை மேலாகவே போகும், நீளமான அலை பல நூறு கிலோமீட்டர் ஆழம் வரை உணரும். எந்த நீளம் என்ன வேகத்துல வருதுன்னு அளந்தா, எந்த ஆழத்துல பாறை எப்படி இருக்குன்னு தெரியும். டாக்டர் ஸ்கேன் எடுக்கிற மாதிரி, கண்டங்களுக்கு அடியில இருப்பதை இப்படித்தான் இன்னிக்கு வரைபடமாக்குறாங்க. சின்ன அளவுல, கட்டடம் கட்டும் முன் மண்ணின் உறுதியைப் பார்க்கவும் இதே வழிதான்.

1936 ஜூலையில் வேல்ஸில் ஓல்டம் இறந்தார். அவர் கண்டுபிடிச்ச கருவுக்குள்ளே இன்னொரு கரு இருக்குன்னு, இங்கே லேமன் என்ற டென்மார்க் பெண் விஞ்ஞானி அறிவிச்சதும் அதே வருஷம்தான்.

அடுத்த முறை வில்லியனூர் ஸ்டேஷன்ல நிக்கும்போது, ரயில் நெருங்க நெருங்க காலுக்கடியில பிளாட்பாரம் லேசா அதிருதான்னு கவனிங்க. பயமுறுத்தும் அதிர்வுக்குள்ளேயும் ஒரு தகவல் இருக்கும். ஓல்டம் வாழ்நாள் முழுக்க அதைத்தான் காது கொடுத்துக் கேட்டார்.