அம்பலம் ஏறிய சொல்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் நாட்டுப் பழமொழி. நியாயம் தம் பக்கம் இருந்தும், அதனை எடுத்துரைக்க வழியின்றி வாடியவர்களின் பெருமூச்சே இப்பழமொழியாக உருவெடுத்தது எனலாம். ஊர்ப் பொதுமன்றத்திலேயே ஏறாத சொல், கடல்களுக்கு அப்பால் உள்ள இலண்டன் மாநகரின் பாராளுமன்றத்தில் ஏறுமோ? ஏறும் என்று நம்பினார் ஒருவர், ஏற்றியும் காட்டினார். அவரே கஜுலு இலட்சுமிநரசு செட்டியார். மக்கள் சங்கமாகக் கூடித் தம் குறைகளை எழுத்தில் வடித்து, ஆள்வோரின் கொள்கையை மாற்ற முயலும் நெறிக்குத் தென்னாட்டில் வித்திட்டவர்களுள் அவர் முதன்மையானவர்.

இளமை

இலட்சுமிநரசு செட்டியார் 1806-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் சித்துலு செட்டியார், நீலச் சாயமும் துணியும் விற்று வந்த வணிகர். மைந்தர் பள்ளியில் கற்றது சிறிதே. ஆயினும், நண்பர்களோடு கூடி நாட்டு நடப்புகளைப் பற்றிச் சொற்போர் நிகழ்த்துவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. பள்ளியில் பெறாத அறிவை அவர் இச்சொற்போர்களிலும் உலக அனுபவத்திலும் பெற்றார்.

இளமையிலேயே அவர் தந்தையாரின் வணிகத்தில் புகுந்தார். அக்காலத்தில் சென்னைப் பகுதியின் வண்ணத் துணிகளுக்கு அயல்நாடுகளில் நல்ல மதிப்பு இருந்தது. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயராலேயே கட்டமிட்ட கைக்குட்டைகள் கடல் கடந்தும் வழங்கின. செட்டியார் கைக்குட்டைகளை ஏற்றுமதி செய்து பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளைப் பெட்டியில் பூட்டி வைத்து இன்புறும் இயல்பு அவருக்கு இல்லை. பொதுப்பணி அவரை அழைத்தது.

அக்கால நாட்டு நிலை

அன்று சென்னை மாகாணம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. இன்று தொழிற்சாலைகள் நிறைந்து விளங்கும் கும்மிடிப்பூண்டியும், அதனை அடுத்த பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரங்களும் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அவை மழையையும் ஏரியையும் நம்பிய உழவர்களின் ஊர்கள். ஏரி நிறைந்தால் வயல் விளையும். ஏரி வறண்டால் வீடு வறளும். கடலோரத்தில் எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதிகளில் உப்பளங்கள் இருந்தன. ஆனால், உப்பு விற்கும் உரிமை 1805-ஆம் ஆண்டு முதல் கம்பெனிக்கே உரியதாயிற்று. கடல் அருகிலேயே இருந்தும், கடலோரத்து ஏழை தன் கஞ்சிக்கு வேண்டிய உப்பைக் கம்பெனி வைத்த விலைக்கே வாங்க வேண்டியிருந்தது.

நிலவரி மிகுதியாக இருந்தது. தறிக்கும் செக்கிற்கும் தொழிற்கருவிகளுக்கும் வேறு வரி இருந்தது. வரியினும் கொடியது அதனை வாங்கிய முறை. 1816-ஆம் ஆண்டின் சட்டங்களால் வரி வாங்கும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தன. மாவட்டத்தில் கலெக்டரே நீதி வழங்கும் அதிகாரியுமானார். வட்டத்தில் தாசில்தாரே காவலுக்கும் தலைவரானார். வரி கேட்டு அடித்தவரைப் பற்றி யாரிடம் முறையிடுவது? அடித்தவரிடமேதான் முறையிட வேண்டும்! இதுவே அம்முறையின் பெருங்குறை.

வரி செலுத்த இயலாத உழவனைக் கடும் வெயிலில் நிறுத்தினர். இரு கோல்களுக்கு இடையே விரல்களை வைத்து நெருக்கினர். இதற்குக் கிட்டி என்று பெயர். கழுத்தையும் கால் விரல்களையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே நாள் முழுதும் நிற்கச் செய்தனர். இதனை அண்ணாந்தாள் என்றனர். சிற்றூர்களில் யாவரும் அறிந்த இக்கொடுமையைச் சென்னைக் கோட்டையில் இருந்தோர் அறியவில்லை. அல்லது அறிந்தும் அறியாதார் போல் இருந்தனர்.

பத்திரிகைப் பணி

மக்களின் குறைகளை வெளியிடப் பத்திரிகை ஒன்று வேண்டும் என்று செட்டியார் உணர்ந்தார். 1844-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், 'பிறை' எனப் பொருள்படும் 'கிரசென்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையை அவர் தொடங்கினார். ஹார்லி என்னும் ஆங்கிலேயர் அதன் ஆசிரியராக அமர்ந்தார். ஆள்வோர் படிக்கும் மொழியில் ஆளப்படுவோரின் துன்பத்தை எழுதுவதே அதன் நோக்கம். அரசாங்கத்தார் அப்பத்திரிகையை விரும்பவில்லை. எனினும் அவர் கலங்கவில்லை. தம் கைப்பொருளை இட்டு அதனை நடத்தினார்.

1846-இல் அரசாங்கப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்கும் முயற்சி நிகழ்ந்தது. எல்லாச் சமயத்தாரும் செலுத்தும் வரிப்பணத்தால் நடைபெறும் பள்ளி, எச்சமயத்தையும் சாராதிருத்தல் வேண்டும் என்பது செட்டியாரின் கொள்கை. சென்னையில் பெருங்கூட்டம் கூடியது. இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு விண்ணப்பம் சென்றது. மறு ஆண்டில் இயக்குநர்கள் அம்முயற்சிக்கு இசைய மறுத்துவிட்டனர். கூடிப் பேசி, எழுதிக் கேட்டால் பயன் உண்டு என்னும் நம்பிக்கையை இந்நிகழ்ச்சி சென்னை மக்களுக்கு அளித்தது.

சங்கம் தோன்றியது

ஒரு குறை தோன்றும்போது கூடுவதும், அது தீர்ந்ததும் கலைவதும் போதுமோ? போதா. நாள்தோறும் விழித்திருக்கும் நிலையான அமைப்பு ஒன்று வேண்டும். கல்கத்தாவில் 1851-இல் அத்தகைய சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. 1852-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சென்னைச் சுதேசிச் சங்கத்தை நிறுவினர். ஆங்கிலத்தில் அது 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்' என வழங்கியது. தொடக்கத்தில் கல்கத்தாச் சங்கத்தின் கிளையாக இருந்த அது, சில திங்களிலேயே தனிச் சங்கமாயிற்று. தென்னாட்டின் குறைகள் தென்னாட்டாராலேயே நன்கு எடுத்துரைக்கப்படும் அன்றோ?

சங்கம் தோன்றிய காலம் மிகப் பொருத்தமானது. கம்பெனியின் ஆட்சியுரிமை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாராளுமன்றத்தால் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1833-இல் புதுப்பிக்கப்பட்ட உரிமை 1853-இல் மீண்டும் ஆராயப்பட இருந்தது. அவ்வேளையில் பேசினால் கேட்பார் உண்டு; அதனைத் தவறவிட்டால் மீண்டும் நெடுங்காலம் காத்திருக்க நேரும். ஆகவே, சங்கத்தார் விரைந்து பணியாற்றினர். 1852 டிசம்பரில் அவர்தம் விண்ணப்பம் எழுதி முடிக்கப்பெற்றது. 1853-இல் அது பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பெற்றது.

அவ்விண்ணப்பம் வெறும் புலம்பல் அன்று. நிலவரியின் மிகுதி, தறி வரியின் கொடுமை, உப்பின் விலை, வழக்கு மன்றங்களின் தாமதமும் செலவும், பழுதுற்ற ஏரிகள், போதாத சாலைகள், புறக்கணிக்கப்பட்ட கல்வி ஆகிய ஒவ்வொன்றையும் அது தனித்தனியே எடுத்து விளக்கியது. வரி வாங்குவோர் உழவரைத் துன்புறுத்துவதையும் அஞ்சாமல் கூறியது. குறையைச் சொன்னதோடு நில்லாமல் அது தீரும் வழியையும் சொன்னது. சட்டம் செய்யும் அவையில் அதிகாரிகள் அல்லாதாரும் இடம்பெறல் வேண்டும் என்று கேட்டது.

உழவர் வாய் திறந்தனர்

விண்ணப்பம் சென்றது, ஆயினும் எண்ணிய பயன் உடனே விளையவில்லை. பாராளுமன்றம் கம்பெனியின் ஆட்சியைத் தொடரவிட்டது. உழவர் துன்புறுத்தப்படுகின்றனர் என்பதைப் பலர் நம்ப மறுத்தனர். இந்நிலையில் மனம் தளர்ந்து ஒதுங்குவோர் உலகில் பலர். செட்டியார் அவ்வாறு ஒதுங்கவில்லை. நம்பாதவருக்கு மேலும் ஒரு விண்ணப்பம் எழுதுவதைவிட, அவருள் ஒருவரை அழைத்து வந்து நேரில் காட்டுவதே தக்கது என்று கருதினார்.

டான்பி சீமோர் என்பவர் பாராளுமன்ற உறுப்பினர். இந்திய ஆட்சியைச் சீர்திருத்த விரும்பி இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற சங்கத்தின் தலைவர். அவர் 1853-இல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை வரவேற்றதோடு, மாவட்டங்களுக்கும் உடன் அழைத்துச் சென்றார். வழியெங்கும் உழவர்கள் தம் துன்பங்களைச் சொல்லச் சீமோர் செவிமடுத்தார். இங்கிலாந்து திரும்பிய அவர், 1854 ஜூலையில் நடைபெற்ற விவாதத்தின்போது பாராளுமன்றத்தில் அவற்றை எடுத்துரைத்தார். அவை திடுக்கிட்டது. அதற்குமேல் மூடி மறைக்க இயலவில்லை. அவ்வாண்டிலேயே சென்னையில் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பெற்றது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்.

துன்புற்றோர் வந்து முறையிடலாம் என்று நாட்டு மொழிகளில் அறிவிப்பு வெளிவந்தது. அதற்குக் கிடைத்த காலமோ மிகக் குறைவு. தென்னாட்டில் அன்று இரயில் இல்லை. திருவள்ளூர் வழியாகச் செல்லும் முதல் இரயில் பாதை 1856-இல்தான் திறக்கப்பெற்றது. எனினும், நூற்றுக்கணக்கான மைல்களைக் கடந்து உழவர்கள் சென்னைக்கு வந்தனர். வர இயலாதோர் மடல் விடுத்தனர். ஏறத்தாழ 2,000 முறையீடுகள் குழுவிற்குக் கிடைத்தன. தம்மைத் துன்புறுத்திய அதிகாரிகளின் ஆட்சி எல்லைக்குள்ளேயே திரும்பிச் சென்று வாழ வேண்டும் என்று அறிந்தும் அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். செட்டியாரின் துணிவைப் போற்றும்போது, பெயர் அறியப்படாத அவ்வெளிய மக்களின் துணிவையும் போற்றுதல் நம் கடமை.

1855 ஏப்ரலில் குழு தன் அறிக்கையை அளித்தது. துன்புறுத்தல் நிகழ்ந்தது உண்மையே என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால், பழியைக் கீழ் அலுவலர் மீதே பெரிதும் சுமத்தியது. அவர்களை ஏவிய வரிமுறையையும், அதனை வகுத்த மேலோரையும் அந்த அளவுக்குக் குற்றம் கூறவில்லை. இஃது அவ்வறிக்கையின் குறையே. ஆயினும், வரி அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரு கையில் இருத்தல் தீது என்பது நாடறிய நிலைநாட்டப்பட்டது. 1859-ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் காவல்துறையை வரித்துறையினின்றும் பிரித்துத் தனித்துறை ஆக்கியது. ஒரு சங்கத்தின் விண்ணப்பமும் ஆயிரக்கணக்கான உழவர்களின் வாய்மொழியும் ஓர் அரசாங்கத்தின் அமைப்பையே மாற்றத் துணைசெய்தன.

இறுதிக் காலம்

ஆண்டுகள் உருண்டன. கம்பெனியின் ஆட்சி 1858-இல் முடிவுற்றது. 1861-ஆம் ஆண்டின் சட்டத்தால், அதிகாரிகள் அல்லாத இந்தியரும் சட்டசபையில் அமரும் வழி பிறந்தது. 1863-இல் இலட்சுமிநரசு செட்டியார் சென்னைச் சட்டசபையின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். வெளியே நின்று விண்ணப்பம் எழுதியவர், உள்ளே அமர்ந்து சட்டம் ஆராயும் நிலையை எய்தினார். ஒரு காலத்தில் அவரை ஐயத்தோடு நோக்கிய அரசாங்கமே அவருக்குச் சி.எஸ்.ஐ. என்னும் பட்டத்தையும் அளித்தது.

பட்டம் வந்தது, ஆனால் செல்வம் சென்றது. பத்திரிகைக்கும் சங்கத்திற்கும் பொதுப்பணிக்கும் அவர் தம் பொருளை வரையாது வழங்கியிருந்தார். பெருஞ்செல்வராய் வாழ்ந்த அவர், 1868-ஆம் ஆண்டு வறிய நிலையில் உயிர் நீத்தார். அவருக்குப் பின் சங்கமும் ஒளி குன்றியது. ஒருவர் தோளிலேயே பாரம் முழுதும் தங்கிய அமைப்பு, அத்தோள் சாய்ந்ததும் தளர்வது இயல்பே. எனினும், அவர் இட்ட வித்து பட்டுப்போகவில்லை. 1884-இல் சென்னை மகாஜன சபை தோன்றி அப்பணியைத் தொடர்ந்தது.

அவர் விட்டுச் சென்ற வழி

செங்கற்பட்டிலிருந்து பிரிந்து, 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. முன்பு ஏரிப் பாசன ஊர்களாய் இருந்த பகுதியில், சிப்காட் தொழிற்பேட்டையும் இரும்பு உருக்காலைகளும் வேறு பல ஆலைகளும் எழுந்துள்ளன. வேலை வந்தது, வேலையோடு புகை, கழிவுநீர், நிலத்தடி நீர் பற்றிய புதிய கவலைகளும் வந்தன. ஆனால், இக்கவலைகளைச் சொல்ல இன்று எவரும் கடல் கடக்க வேண்டியதில்லை. கிராம சபையில் எழுந்து பேசலாம். மாவட்ட ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் அரசு அலுவலகத்துச் செய்திகளைக் கேட்டுப் பெறலாம். சட்டம் குறிக்கும் பெருந்தொழில்கள் பலவற்றைத் தொடங்குமுன், 30 நாள் முன்னறிவிப்புடன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பெறல் வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு முதல் உள்ள விதி.

வாயில்கள் திறந்திருத்தல் மட்டும் போதாது. அவற்றுள் நுழையும் முறையும் தெரிதல் வேண்டும். தனித்து நில்லாமல் கூடுதல், கூடியபின் சான்றுகளைத் திரட்டுதல், குறையோடு அது தீரும் வழியையும் கூறுதல், காலம் அறிந்து உரியவரிடம் சேர்த்தல், முதல் மறுப்பில் சோராதிருத்தல் ஆகிய ஐந்தும் இலட்சுமிநரசு செட்டியாரின் வாழ்வு காட்டும் நெறிகள். ஏழையின் சொல் தானாக அம்பலம் ஏறுவதில்லை. பலர் தோள் கொடுத்தால் ஏறும். அத்தோள்களுள் ஒன்றாய் நிற்றல் ஒவ்வொரு குடிமகனின் கடமையாகும்.