காற்றிலிருந்து உரம் எடுத்தவர் – ஃபிரிட்ஸ் ஹேபர்



நம்ம ஊர்ல மகசூல்னா நெல்லுதான் ஞாபகம் வரும். வேதியியலிலும் மகசூல் கணக்கு உண்டு. கிடைத்ததைக் கிடைக்க வேண்டியதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் விளைச்சல் சதவீதம். இந்தக் கணக்கோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர் ஹேபர்.

1868-ல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இப்போ அது போலந்தில் இருக்கு) யூதக் குடும்பத்தில் பிறந்தார். மூன்றே வாரத்தில் அம்மா இறந்துவிட்டார்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனா நெற்பயிரால் அதை அப்படியே எடுத்துக்க முடியாது. ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கணும். சமன்பாட்டின்படி 28 கிலோ நைட்ரஜனும் 6 கிலோ ஹைட்ரஜனும் சேர்ந்தா 34 கிலோ அம்மோனியா வரணும். 1905 வாக்கில் சுமார் 1000 டிகிரி சூட்டில் அவருக்குத் தேறியது 0.01 சதவீத அளவுதான்! சூடு குறைஞ்சா வினை நகராது. கூடினா உண்டான அம்மோனியாவே உடைஞ்சுபோகும்.

1909-ல் ஆஸ்மியத்தை வினையூக்கியாக வைத்து, காற்றழுத்தத்தைப் போல சுமார் 175 மடங்கு அழுத்தம் கொடுத்தார். வெளியே வந்த வாயுவில் 100 பங்குக்குச் சுமார் 8 பங்கு அம்மோனியா. கணக்குப் போட்டுப் பார்த்தேன், விளைச்சல் ஏறத்தாழ 15 சதவீதம். அதாவது 34 கிலோ வரவேண்டிய இடத்தில் 5 கிலோ. நம்ம பரீட்சைன்னா ஃபெயில்! ஹேபர் அசரலை. அம்மோனியாவை மட்டும் குளிரவைத்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவைத் திரும்பவும் உள்ளே சுற்றவிட்டார். ஒரு சுற்றில் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனா மிச்சம் வீணாகாது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த யோசனைதான்.

கார்ல் போஷ் இதை ஆலை அளவுக்கு வளர்த்தார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டின் நோபல் பரிசு. கூடலூர்லேர்ந்து பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல்லுக்குத் தூவுற யூரியாவும் இந்த முறையில் வரும் அம்மோனியாவிலிருந்துதான்.

அதே அம்மோனியா முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கும் போனது. அதைவிடக் கொடுமை, 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே எதிரிப் படை மேல் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதற்கு முன்னின்றவரும் ஹேபர்தான். பத்தே நாளில் அவர் மனைவி கிளாரா உயிரை மாய்த்துக்கொண்டார். அவரும் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். காரணம் இந்த வாயுதானா என்று இன்றும் வாதம் நடக்குது. ஹேபர் உடனே அடுத்த போர்முனைக்குக் கிளம்பிவிட்டார். இதை மட்டும் என்னால ஏத்துக்கவே முடியலை.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத ஊழியர்களை நீக்கச் சொன்னார்கள். ஹேபர் பதவியை விட்டு, நாட்டையும் விட்டுப் போனார். 1934 ஜனவரி 29-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இறந்தார். கிளாராவின் சாம்பலும் அவர் பக்கத்திலேயே வைக்கப்பட்டது.