முட்டத்துத் தென்னையும் முயல் எலும்பும்: பரிணாமத்துக்காக வாதாடிய ஹால்டேன் யார்?

முட்டத்துக்குப் போறவங்க பாறை, கலங்கரை விளக்கம், சூரிய அஸ்தமனம்னு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. வழியில் நிற்கும் தென்னையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால், சில மரங்களில் ஓலைகள் இடப்பக்கமாகச் சுழன்று ஏறுவதும், சிலவற்றில் வலப்பக்கமாக ஏறுவதும் தெரியும். சங்கில் வலம்புரி கிடைப்பது அபூர்வம். தென்னையில் அப்படி இல்லை, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

இதைத் தோப்பு தோப்பாக எண்ணியவர் டி.ஏ.டேவிஸ் என்ற தாவரவியலாளர். தாய் மரத்தின் சுழி தென்னம்பிள்ளைக்கும் வருமா? எண்ணிப் பார்த்தார். வரவில்லை. 1962-ல் இந்த முடிவு 'ஜர்னல் ஆஃப் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியானது. அந்த இதழின் ஆசிரியர், டேவிஸை ஊக்குவித்தவர், ஜே.பி.எஸ்.ஹால்டேன்.

யார் இவர்?

1892-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். அப்பா உடலியல் விஞ்ஞானி. சுரங்கத்தில் விஷக்காற்றை ஆராயப் போகும்போது மகனையும் கூட்டிட்டுப் போவார். மகன் படித்ததோ கணிதமும் பழைய கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும்தான். அறிவியலில் பட்டமே கிடையாது! ஆனாலும் டார்வினின் இயற்கைத் தேர்வைக் கணக்காக மாற்றிய மூவரில் ஒருவர் ஆனார். மற்ற இருவர் ஃபிஷர், ரைட்.

மான்செஸ்டரில் ஆலைப் புகை படிந்த காலத்தில், வெளிர்நிற அந்துப்பூச்சிகளின் இடத்தைக் கறுப்புப் பூச்சிகள் பிடித்தன. ஐம்பதே ஆண்டில் இது நடக்கணும்னா, கறுப்புப் பூச்சி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடுதலாகப் பிழைத்திருக்க வேண்டும் என்று 1924-ல் கணக்குப் போட்டார். இவ்வளவு வேகமா என்று பலர் நம்பவில்லை. 1950-களில் காட்டில் நடந்த சோதனைகள் அவர் பக்கம் நின்றன.

இன்று 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் பேசப்படும் வாதம் அப்போதும் இருந்தது. இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து பறவைகளைப் பற்றி எழுதிய டக்ளஸ் டூவர், பரிணாமத்தை எதிர்த்து ஓர் இயக்கமே நடத்தினார். ஹால்டேன் ஒதுங்கவில்லை, அவரோடு எழுத்தில் மோதினார். 1949-ல் அது புத்தகமாகவே வந்தது.

பரிணாமம் தப்புன்னு எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள்? இந்தக் கேள்விக்கு, முன்கேம்ப்ரியன் காலப் பாறையில் ஒரு முயலின் எலும்பு கிடைத்தால் போதும் என்று அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். முட்டத்துப் பாறைகளும் அந்தக் காலத்தவைதான், 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழசு. ஆனால் பூமிக்கடியில் வெந்து உருமாறியவை என்பதால் இங்கே முயலைத் தேடி பலனில்லை. அறிவார்ந்த வடிவமைப்பு மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். எதைக் காட்டினாலும் 'அப்படித்தான் படைக்கப்பட்டது' என்று சொல்லிவிடலாம்; தோற்கவே வழியில்லை. 2005-ல் அமெரிக்காவின் டோவர் பள்ளி வழக்கில், அது அறிவியல் அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஹால்டேனும் சறுக்கினார். கம்யூனிஸ்டாக இருந்த அவர், சோவியத்தில் லைசென்கோ மரபியலையே நசுக்கியபோது வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். கட்சியை விட்டு விலகியது பிறகுதான். கணக்கில் காட்டிய கறார் அரசியலில் இல்லை.

1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். குர்தா போட்டார், சைவத்துக்கு மாறினார், இந்தியக் குடியுரிமையும் வாங்கினார். விலையுயர்ந்த கருவி வேண்டாம், கண்ணும் நோட்டும் போதும் என்பதே இங்குள்ள மாணவர்களுக்கு அவர் காட்டிய வழி. டேவிஸின் தென்னை எண்ணிக்கை அதற்குச் சரியான உதாரணம்.

அந்த நாட்டில்தான் 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு தவறு, குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை என்ற ரீதியில் பேசினார். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுத்தன. 2023-ல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடநூலில் இருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதை எதிர்த்து, 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். பத்தாம் வகுப்போடு அறிவியலை விடும் பிள்ளைக்கு இது வேறெங்கும் கிடைக்காது என்பதே அவர்கள் கவலை.

ஹால்டேன் 1964 டிசம்பர் 1-ல் புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. டேவிஸ் பின்னாளில் முட்டத்துக்குப் பக்கத்தில், நாகர்கோவிலில், ஹால்டேன் பெயரிலேயே ஓர் ஆய்வு மையம் நடத்தினார். அங்கிருந்தும் தென்னை எண்ணிக்கொண்டே இருந்தார்.